வலென்சியாவில் ஒரு வார இறுதி: உணவும் ஊர்சுற்றலும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் வசிக்கும் தமிழ் நண்பர்களும், அலுவல் நிமித்தமாக அங்கே வந்து ஒரு சனி, ஞாயிறு கையில் கிடைக்கப்பெற்றவர்களும் ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரை நகரமான வலென்சியாவைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து விடையளித்திருக்கிறேன். அவசரமில்லாமல் நடந்து, நன்றாகச் சாப்பிட்டு, பார்க்க வேண்டியவற்றுள் சிலவற்றை நிதானமாகப் பார்த்துத் திரும்ப விரும்புவோருக்காக எழுதியவை இவை.

மாட்ரிட்டும் பார்சலோனாவும் இருக்கும்போது வலென்சியாவுக்கு ஏன் போக வேண்டும்?

இரண்டு நாட்களுக்குள் ஒரு நகரத்தின் உணவையும் அந்த உணவு விளையும் நிலத்தையும் சேர்த்துப் பார்த்துவிடக் கூடிய பெரிய நகரம் ஸ்பெயினில் இதைப்போல் வேறொன்றை நான் அறியேன். ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரமாக இருந்தும், பழைய நகரப்பகுதியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அரை மணி நேரத்துக்குள் நடந்து கடந்துவிடலாம். டிராம் வண்டியில் ஏறினால் கடற்கரை. பேருந்தில் ஏறினால் நெல்வயல்.

கி.மு. 138இல் ரோமானியர்கள் நிறுவிய இந்த ஊர், பிற்காலத்தில் பலன்சியா என்ற பெயரில் முஸ்லிம் ஆட்சியாளர்களிடம் பல நூற்றாண்டுகள் இருந்து, 1238இல் அரகோன் மன்னர் முதலாம் ஜாவ்மேயின் கைக்கு வந்தது. அரபு பேசிய உழவர்கள் விரிவாக்கிச் செம்மைப்படுத்திய வாய்க்கால்கள் இன்றும் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு நீர் கொடுக்கின்றன. வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் 'அசேக்கியா' என்ற சொல்லும், அரிசிக்கு வழங்கும் 'அரோஸ்' என்ற சொல்லும் அரபியிலிருந்து வந்தவை. ஆகவே இந்த ஊரில் தட்டில் இருப்பதையும் தெருவில் பார்ப்பதையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இரண்டையும் உண்டாக்கியது ஒரே நீர்தான். கீழே நான் சொல்லும் யோசனைகள் அனைத்தும் இந்த எண்ணத்திலிருந்தே பிறந்தவை.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் நடப்பதற்கு ஏற்றவை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் நம் ஊர்க் கோடையை நினைவூட்டும். அதோடு உள்ளூர்க்காரர்கள் பலர் ஆகஸ்டில் கடையை மூடிவிட்டுக் கடலோர வீடுகளுக்குப் போய்விடுவார்கள். இலையுதிர்காலத்தில் சில நாட்கள் பெருமழை கொட்டக்கூடும் என்பதால், புறப்படும் முன் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் வெயில் இதமாக இருக்கும். ஆரஞ்சுப் பழங்கள் சுவையின் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

மார்ச் மாதத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மார்ச் 15 முதல் 19 வரை நடக்கும் ஃபாயாஸ் திருவிழாவில் வீதிக்கு வீதி மாபெரும் உருவங்களை நிறுத்தி, இறுதி இரவில் எரிக்கிறார்கள். மார்ச் முதல் நாளிலிருந்தே நகராட்சிச் சதுக்கத்தில் தினமும் பிற்பகல் 2 மணிக்கு 'மஸ்க்ளெத்தா' என்னும் வெடி வேடிக்கை நடக்கும். ஒளியை விட ஓசையின் தாளத்துக்காகவே கட்டப்படும் வெடிவரிசை அது. 2016இல் யுனெஸ்கோ இத்திருவிழாவை மானுடத்தின் அருவ மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. வாழ்வில் ஒருமுறை காண வேண்டிய விழா என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓய்வாக ஒரு வார இறுதி என்று நீங்கள் தேடிப் போவது அந்த நாட்களில் கிடைக்காது.

எப்படிப் போய்ச் சேர்வது, உள்ளே எப்படிச் சுற்றுவது?

விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மெட்ரோவின் 3ஆம், 5ஆம் தடங்கள் நேராக நகருக்குள் கொண்டுவந்து சேர்க்கும். மாட்ரிட்டிலிருந்து வருபவர்களுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணமே. அந்த ரயில் வந்து நிற்கும் நிலையம் வேறு என்றாலும், அதற்கு அருகிலுள்ள 'வடக்கு நிலையம்' என்ற பழைய நிலையத்துக்குள் ஐந்து நிமிடம் நுழைந்து பாருங்கள். 1917இல் திறக்கப்பட்ட அதன் முகப்பில் ஆரஞ்சுப் பழங்களும் பூக்களும் சுடுமண் அணிகளாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே பயணச்சீட்டுக் கூடத்தில் பல மொழிகளில் 'இனிய பயணம்' என்று வண்ணச் சில்லுகளால் எழுதியிருக்கிறார்கள். பழைய நகருக்குள் நடையும், பூங்காவுக்குள் வாடகை மிதிவண்டியும் போதும். தெருப்பலகைகளில் ஸ்பானியத்தோடு வலென்சிய மொழியும் இருக்கும் என்பதால், ஒரே இடத்துக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்களைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

சாப்பாட்டு நேரம் நமக்கு ஒத்துவருமா?

முதல் நாளில் ஒத்துவராது. இரண்டாம் நாளில் பழகிவிடும். காலையில் எழுந்ததும் காப்பியோடு ஏதாவது சிறிதாகக் கடிப்பார்கள். பத்து மணியளவில் கனமான ஒரு இடைச் சிற்றுண்டி உண்டு. மதிய உணவு இரண்டு மணிக்கு மேல் தொடங்கி நான்கு மணி வரை நீளும். இரவு உணவு ஒன்பதுக்கு முன் அரிது. மாலை ஆறு மணிக்குப் பசியோடு உணவகக் கதவைத் தட்டினால், சுற்றுலாப் பயணிகளுக்காகவே திறந்திருக்கும் இடங்கள்தான் உங்களை வரவேற்கும். அங்கே நல்ல சமையலை எதிர்பார்ப்பது கடினம். ஆகவே பத்து மணிச் சிற்றுண்டியையும் இரண்டரை மணி மதிய உணவையும் தூண்களாக வைத்து, காட்சிகளை அவற்றுக்கு நடுவே பொருத்திக்கொள்ளுங்கள். மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் அறையில் படுத்து எழுவதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஊரே அப்போது அடங்கித்தான் இருக்கும்.

சனிக்கிழமைக் காலையை எங்கே தொடங்கலாம்?

ஐயமில்லாமல் மத்தியச் சந்தையில்தான். திங்கள் முதல் சனி வரை காலை ஏழரையிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை திறந்திருக்கும் இந்தச் சந்தை ஞாயிறன்று இயங்காது. இதை அறியாமல் ஞாயிறுக்கு ஒதுக்கி வைத்து ஏமாந்தவர்கள் பலர். 1914இல் கட்டத் தொடங்கி 1928இல் திறக்கப்பட்ட, எட்டாயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்புள்ள கட்டடம் அது. இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடும் கொண்டு எழுப்பிய குவிமாடத்தின் உச்சியில், காற்றின் திசை காட்டும் ஒரு கிளி நிற்கிறது. கீழே உள்ளூர்ப் பெண்கள் தள்ளுகூடையோடு வரிசையில் நின்று, தக்காளியைத் தொட்டுப் பார்க்காமல் கடைக்காரரிடம் 'இன்று சமைக்க வேண்டும், நாளைக்கு வேண்டும்' என்று சொல்லி வாங்குவதைக் கவனியுங்கள். அங்கே பழத்தைத் தொட்டுப் பொறுக்குவது மரியாதையில்லை. கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), குங்குமப்பூ, உயிரோடு நெளியும் விலாங்கு மீன், நத்தைகள், பயறு வகைகள் என்று அன்று மாலையும் மறுநாளும் உங்கள் தட்டில் வரப்போகும் எல்லாவற்றையும் முதலில் அங்கே முழு உருவில் பார்த்துவிடலாம். பெயர் தெரியாத காய் ஏதாவது இருந்தால் கேளுங்கள். நெரிசல் இல்லாத வேளையில் விற்பவர்கள் பொறுமையாகச் சமையல் முறையையே சொல்லிவிடுவார்கள்.

பத்து மணிக்குச் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏதேனும் ஒரு எளிய கடையில் 'எஸ்மோர்சாரெத்' சாப்பிடுங்கள். உழவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் விடியலிலேயே வேலை தொடங்கி, நண்பகலுக்கு முன் எடுத்துக்கொண்ட இந்த இடைவேளை உணவைப் பதவி, வயது வேறுபாடின்றி எல்லோரும் இன்று கொண்டாடுகிறார்கள். முன்கையளவு நீளமுள்ள ரொட்டிக்குள் முட்டை அடையோ, வறுத்த இறைச்சியோ, கணவாயோ வைத்துத் தருவார்கள்; உடன் வேர்க்கடலையும் ஆலிவ் காய்களும் மேசைக்குத் தாமாக வரும். கடைசியில் 'கிரேமாயெத்' என்ற காப்பி: ரம்மைச் சர்க்கரை, இலவங்கப்பட்டை, எலுமிச்சைத் தோல், சில காப்பிக் கொட்டைகளோடு நெருப்பிட்டு எரித்து, அதன் மேல் காப்பியை ஊற்றுவார்கள். மது வேண்டாதவர்கள் சாதாரணக் காப்பியே கேட்கலாம்.

பிறகு தெருவைக் கடந்தால் 'லோன்ஹா' என்னும் பட்டு வணிகர் மாளிகை. 1482இல் பேரா கோம்ப்தே என்ற சிற்பியின் பொறுப்பில் பணி தொடங்கி 1548இல் நிறைவுற்ற இந்தக் கட்டடத்தை 1996இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன் பெரிய கூடத்தில் கயிற்றைப்போல் முறுக்கிய தூண்கள் மேலெழுந்து பனையோலைகள்போல் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. சுவரின் மேல்பகுதியைச் சுற்றி லத்தீன் மொழியில் ஒரு வாசகம் ஓடுகிறது: சொல்லில் வஞ்சனையில்லாமல், அயலாருக்குக் கொடுத்த வாக்கைத் தவறாமல், வட்டிக்குப் பணம் கொடுக்காமல் வணிகம் செய்பவன் செல்வம் பெருகி நிலையான வாழ்வையும் அடைவான் என்பது அதன் பொருள். பேரம் பேச வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் அதை எழுதி வைத்தவர்களை நினைத்துக்கொண்டே நான் அந்தக் கூடத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

பாயேயா என்பது உண்மையில் என்ன? கடலுணவு போட்ட மஞ்சள் சோறுதானே?

வலென்சியாவில் அப்படிச் சொன்னால் மென்மையாகத் திருத்துவார்கள். பாயேயா என்ற சொல்லுக்கு வலென்சிய மொழியில் முதற்பொருள் சட்டி. இரண்டு காதுகளுள்ள, அகன்ற, ஆழமற்ற அந்தச் சட்டியின் பெயரே அதில் சமைத்த சோற்றுக்கும் ஆகிவந்தது. நம்மில் பலர் 'பயெல்லா' என்று சொல்கிறோம். அங்கே இரட்டை லகரம் யகரமாகவே ஒலிக்கிறது.

வலென்சிய பாயேயா வயலில் பிறந்த உணவு. கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், 'கரோஃபோ' என்னும் பெரிய வெள்ளைப் பயறு, அரைத்த தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, நீர், உப்பு, அரிசி ஆகியவையே அடிப்படை. கரோஃபோ வேறெதுவுமில்லை, தமிழ்நாட்டில் நாம் டபுள் பீன்ஸ் என்று வாங்குவதன் இனமேதான். காலத்துக்கும் வீட்டுக்கும் ஏற்ப நத்தை, கூனைப்பூ, ஒரு கிளை ரோஸ்மேரி ஆகியவை சேரும். ஆரஞ்சு மர விறகில் சமைப்பதே சிறந்தது என்பார்கள். கடலுணவு பாயேயாவும் முறையான உணவுதான். கடலோரத்தில் அது நன்றாகவே கிடைக்கும். கோழியையும் இறாலையும் ஒன்றாகப் போட்டு, மேலே பன்றி இறைச்சித் தொத்திறைச்சியையும் அடுக்குவதைத்தான் உள்ளூர்க்காரர்கள் ஏற்பதில்லை. 2021இல் வலென்சிய மாநில அரசு பாயேயாவைத் தன் பண்பாட்டு மரபுச் சொத்தாக அறிவித்ததிலிருந்தே, இதை அவர்கள் எவ்வளவு மனமார எடுத்துக்கொள்கிறார்கள் என்பது விளங்கும்.

நம் பிரியாணியோடு ஒப்பிட்டு எதிர்பார்த்தால் முதல் வாய் ஏமாற்றமாக இருக்கலாம். இதில் காரமில்லை, மசாலா மணமில்லை. இறைச்சியும் காயும் நீரில் இறங்கிக் கொடுத்த சாற்றை அரிசி முழுவதுமாக உறிஞ்சிக்கொள்வதுதான் சுவையின் மையம். 'போம்பா', 'சேனியா' போன்ற குட்டையான, உருண்டை வாட்டமுள்ள அரிசி வகைகள் அதற்காகவே பயன்படுகின்றன. சேனியா சுவையை மிகுதியாக வாங்கிக்கொள்ளும், ஆனால் ஒரு நிமிடம் தவறினால் குழைந்துவிடும். போம்பா பொறுமையான அரிசி. அரிசியைப் போட்டு ஒருமுறை பரப்பிய பிறகு கரண்டி அதைத் தொடக்கூடாது. சுமார் இருபது நிமிடங்களில் நீர் வற்றி, அடியில் பொன்னிறத்தில் ஒரு படலம் ஒட்டும். 'சொக்கராத்' என்று அவர்கள் அழைக்கும் அதுதான் நம் வீடுகளில் பானையடியில் சுரண்டிச் சண்டையிட்டுத் தின்ற காந்தல். அந்தக் காந்தலுக்காக அங்கே பெரியவர்களும் போட்டியிடுவதைப் பார்த்தபோது, ஊரும் மொழியும் மறந்து எனக்கு மனம் நெகிழ்ந்தது.

நல்ல பாயேயா கிடைக்கும் இடத்தை எப்படி அறிவது? எப்படி ஆர்டர் செய்வது?

முதல் விதி, மதியத்தில் மட்டும் சாப்பிடுங்கள். வலென்சியர்களுக்குப் பாயேயா பகலுணவு. அதிலும் ஞாயிறு மதியம் குடும்பத்தோடு கூடிச் சாப்பிடுவது. இரவு பத்து மணிக்கு அதைப் பரிமாறும் இடம் பெரும்பாலும் வெளியூராரை நம்பியே இருக்கும். வாசலில் வண்ணப் படங்கள் அச்சிட்ட பலகையைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். அவற்றுள் பல, முன்பே சமைத்து உறைய வைத்ததைச் சுடவைத்துத் தருபவை. நல்ல உணவகம் குறைந்தது இருவருக்கு என்றே ஆர்டர் எடுக்கும், ஆளுக்கு இவ்வளவு என்று விலை சொல்லும், அரை மணிக்கு மேல் காத்திருக்கச் சொல்லும். ஞாயிறு என்றால் சில நாட்கள் முன்பே மேசையைப் பதிவு செய்து, எந்தச் சோறு, எத்தனை பேருக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சட்டி மேசைக்கு வந்ததும் சோற்றின் கனத்தைப் பாருங்கள். ஒரு விரலளவுக்கு மேல் இருக்கலாகாது. சட்டியிலிருந்தே கரண்டியால், தம் பக்கத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு முக்கோணம் வகுத்துச் சாப்பிடுவது பழைய முறை. தட்டில் கேட்டாலும் தவறாக எண்ண மாட்டார்கள்.

பாயேயாவே வேண்டுமென்பதில்லை. மீன் சாற்றில் வேகவைத்து மீனைத் தனியாகப் பரிமாறும் 'அரோஸ் ஆ பாந்தா', மண்சட்டியில் வைத்து ஓவனில் சுட்ட 'அரோஸ் அல் ஓர்னோ', கணவாய் மையில் கறுத்த சோறு என்று அரிசி உணவுகள் பல உண்டு. கோடையில் போனால், இந்தக் கடலுக்கே உரிய 'க்ளோச்சினா' என்னும் சிறிய சிப்பிகளை எலுமிச்சையோடு வேகவைத்துத் தருவார்கள், அவற்றைத் தவறவிடாதீர்கள்.

நான் சைவம். எனக்கு அங்கே என்ன கிடைக்கும்?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறி பாயேயா பல இடங்களில் உண்டு. அதன் சாறு கோழியிலோ மீனிலோ எடுத்ததாக இருக்கக் கூடுமாதலால், 'கால்தோ தே வெர்துராஸ்', அதாவது காய்ச்சாறு தானா என்று கேளுங்கள். 'வேண்டாம்' என்று சொல்லத் தேவையான தொடர் 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' என்பது: இறைச்சியில்லாமல், மீனில்லாமல், பன்றித்தொடை இறைச்சியில்லாமல். மூன்றாவதைத் தனியாகச் சொல்வது மிகவும் அவசியம். காய் வறுவலின் மேல் நறுக்கிய ஹமோனைச் சுவைக்காகத் தூவுவதை அங்கே பலர் இறைச்சி சேர்த்ததாகவே கருதுவதில்லை.

நம்பிச் சாப்பிடத்தக்கவை: தக்காளி தேய்த்த ரொட்டி, உருளைக்கிழங்கு முட்டை அடை (முட்டை சாப்பிடுபவர்களுக்கு), காரமான குழம்பு ஊற்றிய பொரித்த உருளைக்கிழங்கு, சுட்ட கூனைப்பூ, சுட்ட பூசணி. எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை இரண்டு. 'எஸ்கர்ராயெத்' சுட்ட குடைமிளகாய் போலத் தோன்றினாலும் அதில் உப்பிட்ட காட் மீன் கிழித்துப் போட்டிருக்கும். 'தித்தாயினா' என்னும் தக்காளித் தொக்கில் சூரை மீன் இருக்கும்.

பேராலயம், கோபுரங்கள், அருங்காட்சியகங்கள்: எவற்றைப் பார்ப்பது, எவற்றை விடுவது?

இரண்டு நாட்களில் நான்கு இடங்களுக்கு மேல் உள்ளே நுழையாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

பேராலயம் அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். 1262இல் தொடங்கிய பணி பல நூற்றாண்டுகள் நீண்டதால், ரோமானெஸ்க், கோதிக், பரோக் என்று மூன்று காலத்துப் பாணியில் மூன்று வாயில்களைக் கொண்டது. திருவிருந்தில் இயேசு பயன்படுத்திய கிண்ணம் என்று பக்தர்கள் போற்றும் அகேட் கல் கிண்ணம் ஒரு சிற்றாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. 2004இல் பலிபீடத்தின் மேலிருந்த பரோக் கூரையைப் பழுதுபார்க்கையில், அதற்குள் மறைந்திருந்த பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியம் வெளிப்பட்டது; நீல வானில் இசைக்கருவிகள் வாசிக்கும் தேவதூதர்கள் அண்ணாந்து பார்ப்போரை இன்றும் புத்தம் புதிதாக எதிர்கொள்கிறார்கள். எண்கோண மணிக்கூண்டான மிகெலெத்தேயில் 207 படிகள். முழங்கால் ஒத்துழைத்தால் காலையிலேயே ஏறிவிடுங்கள்.

இரண்டாவதாக, சந்தைக்குச் சில நிமிட நடையில் ஒளிந்துள்ள புனித நிக்கொலாஸ் ஆலயம். வெளியிலிருந்து பார்த்தால் சந்துக்குள் ஒரு சாதாரணக் கதவு. உள்ளே சுமார் இரண்டாயிரம் சதுர மீட்டர் சுவரோவியங்கள். 2016இல் முடிந்த சீரமைப்புக்குப் பின் அதன் வண்ணங்கள் மீண்டும் உயிர்பெற்றன.

ஓவியத்தில் ஆர்வமுள்ளவர்கள் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வெலாஸ்கெஸ் தம்மைத் தாமே வரைந்த ஓவியமும், இவ்வூரில் 1863இல் பிறந்து கடற்கரை வெயிலைத் தீட்டிப் புகழ்பெற்ற சொரோயாவின் படைப்புகளும் அங்கே உள்ளன. நகர வாயில்களான செர்ரானோஸ் கோபுரங்களை வெளியே நின்று பார்த்தாலே போதும்.

நகரின் நடுவே பாலங்கள் இருக்கின்றன, ஆறு எங்கே?

ஆற்றைத்தான் இடம் மாற்றிவிட்டார்கள். 1957 அக்டோபர் 14 அன்று தூரியா ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பின் நகருக்குத் தெற்கே அகன்ற புதிய கால்வாயை வெட்டி ஆற்றைத் திருப்பினார்கள். வெறுமையான பழைய படுகையில் நெடுஞ்சாலை போடத் திட்டமிருந்தது. 'ஆற்றுப்படுகை எங்களுடையது, அது பசுமையாக வேண்டும்' என்று மக்கள் எழுப்பிய குரலால் அத்திட்டம் கைவிடப்பட்டு, 1986 முதல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. சுமார் 9 கிலோமீட்டர் நீளம். ஆரஞ்சு மரங்களும் பனைகளும் பைன்களும் விளையாட்டுத் திடல்களும் நிறைந்து, நூற்றாண்டுகள் பழமையான கல்பாலங்களுக்கு அடியில் மிதிவண்டி ஓட்டிச் செல்லும் வாய்ப்பை வேறெந்த நகரில் பெறுவோம்?

இதைச் சொல்லும்போது 2024 அக்டோபர் 29ஐயும் சொல்லியாக வேண்டும். அன்று பெய்த பெருமழையின் வெள்ளம் வலென்சியா மாகாணத்தில் 220க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. புதிய கால்வாய் நகர மையத்தைக் காத்தது. அதற்குத் தெற்கேயுள்ள பைபோர்த்தா, கத்தர்ரோகா போன்ற ஊர்கள் சேற்றில் மூழ்கின. நகரத்தார் பல்லாயிரவர் கையில் மண்வெட்டியோடு பாலத்தைக் கடந்து நடந்து போய் உதவினார்கள். அங்குள்ளவர்களிடம் மழையைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ பேச நேர்ந்தால் இது நினைவிலிருக்கட்டும்.

பூங்காவின் கடல்முனையில் 'கலை அறிவியல் நகரம்' என்னும் வெண்ணிறக் கட்டடத் தொகுதி நிற்கிறது. பெரும்பாலானவற்றை இவ்வூரில் பிறந்த சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்தார். முதல் கட்டடம் 1998இல் திறக்கப்பட்டது. கடலுயிர்க் காட்சியகத்தின் தாமரை இதழ் போன்ற கூரை ஃபெலிக்ஸ் கந்தேலாவின் கைவண்ணம். குழந்தைகள் உடன் வந்தால் அக்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பெரியவர்கள் மட்டுமென்றால், சனிக்கிழமை அந்தி வேளையில் நீர்த்தடாகங்களின் ஓரமாக நடந்துவிட்டு வருவதே நிறைவாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிக்கலாம்?

நகரை விட்டு வெளியேறி அல்புஃபேராவுக்குப் போங்கள். அரபியில் 'சிறு கடல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பெயர் பெற்ற இந்த நன்னீர் ஏரி, நகருக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில், கடலிலிருந்து ஒரு மணல் திட்டால் பிரிந்து கிடக்கிறது. ஏரியும் அதைச் சூழ்ந்த நெல்வயல்களும் பைன் காடும் சேர்ந்து 21,000 ஹெக்டேர் பரப்பில் 1986 முதல் இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. நகரப் பேருந்தே அங்கே போகிறது. ஞாயிறன்று வண்டிகள் குறைவாதலால் திரும்பும் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்.

வயல் மாதத்துக்கு மாதம் வேறு முகம் காட்டும். மே மாதத்தில் விதைக்கிறார்கள், ஜூலையில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, செப்டம்பரில் அறுவடை, குளிர்காலத்தில் வயல்களில் நீரை நிறுத்திவைப்பதால் நிலமெல்லாம் கண்ணாடியாகிப் பறவைகள் வந்து இறங்கும். மடை திறந்து பாயும் வாய்க்காலையும், வரப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கையும் பார்த்தால் தஞ்சைப் பக்கத்து மனிதருக்குச் சொந்த ஊர் நினைவு வராமல் போகாது.

ஏரிக்கரையில் எல் பால்மார் என்ற சிற்றூர் உண்டு. முன்பு மீனவர் குடியிருப்பு. இன்று உணவகங்களின் ஊர். அங்கே முதலில் 'ஆய் இ பெப்ரே' கேளுங்கள்: விலாங்கு மீனைப் பூண்டு, மிளகாய்த்தூள், உருளைக்கிழங்கு சேர்த்து வைத்த செங்குழம்பு அது; பார்த்தவுடன் நம் மீன் குழம்பு போலவே தோன்றும், ஆனால் புளிப்பு இருக்காது. அதை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டபின் பாயேயா வரும். மாலையில் தட்டையான மரப்படகில் ஏறுங்கள். ஏரியின் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். படகோட்டி கோரைத் திட்டுகளுக்கு நடுவே போய் எஞ்சினை நிறுத்துவார், சூரியன் வயல்களுக்குப் பின்னால் இறங்கும். இரண்டு நாட்களில் ஒரே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இந்த ஞாயிறைச் செய்யுங்கள்.

ஓர்ச்சாத்தா என்பது பாலா?

பார்வைக்குப் பால் போலிருந்தாலும் அதில் பால் துளியும் இல்லை. 'சூஃபா' என்னும் சிறு கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரக் கொடுப்பது. நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கோரைக்கிழங்கின் நெருங்கிய உறவினம் அது. ஆனால் மருந்து நெடி இல்லாமல், தேங்காய்ப்பாலுக்கும் பாதாம்பாலுக்கும் இடைப்பட்ட இனிப்போடு இருக்கும். நகருக்கு வடக்கேயுள்ள வயல்களில் விளைகிறது. மெட்ரோ 3ஆம் தடத்தில் அல்போராயா வரை போனால், விளையும் மண்ணுக்கு அருகிலேயே குடிக்கலாம். நேரமில்லையென்றால் புனித கத்தலீனா ஆலயத்தருகே உள்ள பழைய கடைகள் போதும். உடன் வரும் 'ஃபார்ட்டோன்' என்ற நீண்ட மெத்தென்ற ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அன்றன்று அரைத்ததா என்று கேளுங்கள். புட்டியில் அடைத்ததன் சுவை வேறு.

தண்ணீர் நீதிமன்றத்தை வார இறுதியில் பார்க்க முடியுமா?

முடியாது. வியாழன்தோறும் நண்பகல் 12 மணிக்கு, பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலுக்கு முன்னால் கூடுகிறது. உழவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் கறுப்பு மேலங்கி அணிந்து அமர்ந்து, வாய்க்கால் நீரைப் பற்றிய வழக்குகளை எழுத்தில்லாமல் வாய்மொழியாகவே கேட்டுத் தீர்ப்பளிக்கிறார்கள், மேல்முறையீடு கிடையாது. வழக்கில்லாத வாரத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நம் ஏரிப்பாசன ஊர்களில் வயல்களுக்கு நீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியின் முறையை அறிந்தவர்கள், முடிந்தால் விடுப்பை வியாழனிலிருந்து எடுத்துக்கொண்டு வருவது வீண்போகாது.

இரவில் எங்கே போகலாம்?

ருசாஃபா பகுதியில் சிறு சிறு தட்டுகளாக உண்ணும் தாப்பாஸ் கடைகள் நிறைய. கபன்யால் என்ற பழைய மீனவர் பேட்டையில், வண்ண ஓடு பதித்த வீடுகளுக்கு நடுவே உள்ள மதுக்கடைகள் இன்னும் எளிமையானவை. எனக்கு அவையே பிடிக்கும். வலென்சியாவில் தாப்பாஸ் இலவசமாக வராது, தட்டுக்குத் தட்டு விலையுண்டு. ஒரு கடையில் இரண்டு தட்டு, அடுத்த கடையில் இரண்டு என்று நகர்ந்துகொண்டே சாப்பிடலாம். 'வலென்சியத் தண்ணீர்' என்று பட்டியலில் பார்த்தால் குடிநீர் என்று குழந்தைகளுக்கு வாங்கிவிடாதீர்கள். ஆரஞ்சுச் சாற்றில் காவா என்னும் நுரைமதுவும் ஜின்னும் வோட்காவும் கலந்த, 1959இல் இவ்வூர் மதுக்கடை ஒன்றில் பிறந்த பானம் அது.

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

சனிக்கிழமைச் சந்தையிலேயே வாங்கிவிடுங்கள்: ஒரு கிலோ போம்பா அரிசி, சிறு பெட்டியில் குங்குமப்பூ, உலர்ந்த சூஃபா. சந்தையைச் சுற்றியுள்ள இரும்புக் கடைகளில் இருவருக்கான பாயேயாச் சட்டி பெட்டிக்குள் தட்டையாக அடங்கும். பளபளக்கும் எஃகுச் சட்டியையே கேளுங்கள், எனாமல் பூசியதில் காந்தல் சரியாகப் பிடிக்காது. வீட்டில் அதை நம் இரும்பு தோசைக்கல்லைப்போலவே வைத்துக்கொள்ள வேண்டும். கழுவியவுடன் அடுப்பில் காட்டி ஈரத்தைப் போக்கி, எண்ணெய் தடவித் தாளில் சுற்றி வையுங்கள். ஒரே இரவு ஈரத்தோடு விட்டாலும் துருவேறிவிடும்.